முகப்போடு நிறுத்த வேண்டியவை: சொந்த விவரங்களைக் காத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டு வீட்டில், வருகிறவர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதை வீட்டின் அமைப்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. வழிப்போக்கருக்குத் திண்ணை, கொடுக்கல் வாங்கல் பேச வந்தவருக்கு முன்கூடமான முகப்பு, உறவுமுறையாருக்கு உள்முற்றமான வளவு. அதற்கும் அப்பால் உள்ள இரண்டாங்கட்டும் அடுப்படியும் வீட்டாருக்கும் அவர்களுக்கு மிக நெருங்கியவர்களுக்கும் மட்டுமே உரியவை. முகப்பில் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பியதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் வந்த வேலைக்கு அந்த இடமே போதுமானதாக இருந்தது. ஆதார் எண், பான் எண், கைப்பேசி எண், கைரேகை, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுக்கு மட்டும் நாம் அப்படி ஒரு வரம்பை இன்னும் வகுத்துக்கொள்ளவில்லை. கேட்டவர் யாராயினும் நேரே வளவுக்குள் அழைத்துச் சென்றுவிடுகிறோம்.

இதை நான் உணர்ந்தது காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான். பட்டா மாறுதலுக்காகச் சில ஆவணங்களை அச்செடுக்கச் சென்றிருந்தேன். கடைக்காரத் தம்பி என் கோப்பைத் தேடித் திறக்கும்போது, கணினித் திரையில் அன்றைய தினம் மட்டுமல்ல, பல மாதங்களாக வந்தவர்களின் ஆதார் அட்டைகளும் பாஸ்புக் முதல் பக்கங்களும் மதிப்பெண் சான்றிதழ்களும் வரிசையாக நின்றன. அவற்றில் என் மனைவியின் ஆதார் அட்டையும் இருந்தது. அதை நாங்கள் அனுப்பி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அந்தத் தம்பியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அழிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்று முதல் நான் கடைப்பிடித்து வருவனவற்றையும், வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுத்து வருவனவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கேட்பவரிடம் கேட்க வேண்டியவை

ஒருவர் நம் விவரம் எதையேனும் கேட்டால், கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் தெளிவாக வேண்டும். அது எதற்காகத் தேவைப்படுகிறது. கொடுக்காவிட்டால் வேலை நடக்காதா. நடக்காதென்றால் அதைவிடக் குறைவான ஒன்றைக் கொடுத்து முடிக்க முடியாதா. கொடுத்த பிறகு அது எங்கே, எவ்வளவு காலம் இருக்கும். நான்காவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை, கேடு வருவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். கேள்வியைக் கடுமையாகக் கேட்க வேண்டியதில்லை. “தம்பி, இது எதுக்கு வேணும், வேலை முடிஞ்சதும் அழிச்சிருவீங்களா?” என்று இயல்பாகக் கேட்டாலே, கேட்பவர் கேட்பதைக் குறைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, தனியுரிமை அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்தின் அனுமதியின்றி மற்றவரிடம் வெளியிடுவதை முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழியிருக்க வேண்டும், 18 வயது நிறையாதவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் வகுத்து, பாதுகாக்கத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அது முழுமையாக வரும்வரை நம் கையிருப்பில் உள்ள கேடயம் நம் எச்சரிக்கைதான்.

ஆதாரை எப்படிக் கொடுப்பது

ஆதார் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டியது, முழு எண் தெரியும் நகலைக் கொடுக்கும் பழக்கத்தை விடுவது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் மறைக்கப்பட்ட ஆதார் என்ற வடிவத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டுமே தெரியும். விடுதியில் தங்குவது, வீடு வாடகைக்குப் பேசுவது போன்ற அடையாளம் காட்டும் வேலைகளுக்கு அது பெரும்பாலும் போதும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடிப் பக்கத்திலும் பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களும் விருந்தினரிடம் இதையே கேட்டுப் பெறுவது நல்லது. எண்ணையே கேட்கும் இடங்களில், 16 இலக்கங்கள் கொண்ட மெய்நிகர் எண்ணை உருவாக்கிக் கொடுக்கலாம். புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழையது செல்லாமல் போய்விடும், அதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

தரவிறக்கிய கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம். ஆகவே அந்தக் கோப்பைத் திறந்த அட்டையாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும்.

காகித நகலைத் தந்தே ஆக வேண்டிய இடத்தில், அதன் குறுக்கே, படத்தின் ஓரத்தையும் எழுத்துகளையும் தொட்டுச் செல்லுமாறு, எந்த அலுவலகத்துக்கு, என்ன வேலைக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று பேனாவால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். “மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்” என்று எழுதிய நகலை வைத்து வேறொருவர் சிம் அட்டை வாங்கவோ கடன் கேட்கவோ முயன்றால் அது அங்கேயே தடுமாறும். பான் அட்டை நகலுக்கும் இதுவே முறை.

கைரேகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடவுச்சொல்லை மாற்றுவது போல விரலை மாற்றிக்கொள்ள முடியாது. ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும், ஓடிபி தேவையில்லை. பத்திரப்பதிவு ஆவணங்களில் பதிந்திருந்த ரேகைகளைப் போலியாக வார்த்துப் பணம் எடுத்த குற்றங்கள் நாட்டின் சில பகுதிகளில் நடந்திருக்கின்றன. இதற்கு மாற்று எளிமையானது. ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ உயிரியல் பதிவுகளைப் பூட்டும் வசதி இருக்கிறது, கட்டணம் கிடையாது. பூட்டிவிட்டால் உங்கள் விரல் வைத்தாலும் செல்லாது என்பதால், ரேஷன் கடைக்குப் போகும் அன்று தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு வரிசையில் நின்று திரும்பிய முதியவர்கள் உண்டு. ஆகவே வீட்டில் யார் ரேஷனுக்குப் போகிறார்களோ அவர்களைத் தவிர மற்றவர்களின் பதிவை நிரந்தரமாகப் பூட்டி வைத்து, போகிறவருக்குத் திறக்கவும் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது. கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் அதே தளத்தில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆதார் தொடர்பான ஐயங்களுக்கு 1947 என்ற எண் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும்

அச்செடுக்கக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது நான்கு இடங்களில் தங்குகிறது: உங்கள் கைப்பேசி, கடைக்காரரின் கைப்பேசி, கடைக் கணினியில் உள்ள தரவிறக்கக் கோப்புறை, அழித்தவற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி. அச்சு வந்தவுடன் காகிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பாமல், கடைசி மூன்றிலும் அழிப்பதை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். அனுப்பிய செய்தியை உங்கள் கைப்பேசியிலிருந்தே அனைவருக்கும் அழிக்கலாம். ஆனால் கணினியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட கோப்பு அதனால் போகாது. முடிந்தால் பென் டிரைவில் எடுத்துச்சென்று நேரடியாக அச்செடுப்பது மேல். மின்னஞ்சலைக் கடைக் கணினியில் திறந்திருந்தால், வெளியேறிவிட்டோமா என்று இருமுறை பார்க்க வேண்டும். சரியாக விழாத நகல்களைக் கடைக் குப்பையில் போடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அவற்றின் பின்பக்கத்தில் வேறொருவரின் கணக்கைப் போட்டுக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, மையத்தாரின் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்ய அனுமதிக்காதீர்கள். அவசரத்தில் “நம்ம நம்பரைப் போட்டுக்கலாம்” என்பார்கள். பிறகு அந்த விண்ணப்பம் சார்ந்த ஓடிபிகளும் செய்திகளும் உங்களுக்கு வராமல் அவருக்கே போய்க்கொண்டிருக்கும்.

கடையில் கைப்பேசி எண்

துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் பில் போடும் முன் கைப்பேசி எண்ணைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. எண் தராவிட்டால் பொருளையோ பில்லையோ தர மறுப்பது முறையற்ற நடைமுறை என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. “நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போதும்” என்று சொல்லலாம். கணினி ஏற்காது என்று பதில் வந்தால், அது கடையின் சிக்கலே தவிர உங்களுடையதன்று. வற்புறுத்தினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மருந்துக் கடையில் இதை நான் மிகுந்த அக்கறையோடு கவனிக்கிறேன், ஏனென்றால் அங்கே எண்ணோடு சேர்ந்து பதிவாவது நம் நோய்.

ரீசார்ஜ் கடையில் பொது நோட்டில் எண்ணை எழுதச் சொல்வது பெண்களுக்குத் தொல்லையாக முடிகிறது. அந்த நோட்டை அடுத்து வருகிறவர் எவரும் படிக்கலாம். வீட்டிலிருந்தே செயலி வழியாகச் செய்துகொள்வது நல்லது. யுபிஐ வழியாகப் பணம் செலுத்துகிறவர்கள், தங்கள் யுபிஐ முகவரியில் கைப்பேசி எண்ணே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எண் இல்லாத வேறொரு முகவரியைச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

புதிய சிம் வாங்கும்போது “ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க” என்று சொன்னால் உஷாராக இருக்க வேண்டும். முதல் ரேகையில் உங்களுக்கு ஒன்று, இரண்டாவதில் வேறொருவருக்கு ஒன்று என்று சிம் எடுத்த மோசடிகள் நடந்திருக்கின்றன. உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணையும் ஓடிபியையும் இட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் பெயரில் பொதுவாக 9 இணைப்புகள் வரை இருக்கலாம் என்பதால், தெரியாத ஒன்று கண்ணில் படாமல் வெகுகாலம் ஒளிந்திருக்க முடியும். உங்களுடையதல்லாததை அங்கேயே “என் எண் இல்லை” என்று குறித்தால் நடவடிக்கை எடுப்பார்கள். தொலைந்த கைப்பேசியை முடக்கவும் அதே தளம்தான்.

கல்யாண வீட்டு விவரங்கள்

நம் ஊர்ப் பக்கத்தில் மிக அதிகமாகக் கைமாறும் சொந்த விவரம் சாதகக் குறிப்பு என்றே நினைக்கிறேன். பிறந்த தேதி, நேரம், ஊர், கோயில், படிப்பு, வேலை செய்யும் நிறுவனம், சம்பளம், தந்தையின் தொழில், உடன்பிறந்தோர், வீட்டு முகவரி, இரண்டு கைப்பேசி எண்கள், மூன்று புகைப்படங்கள் என்று ஒரே பக்கத்தில் ஒரு குடும்பமே அடங்கிவிடுகிறது. இலுப்பைக்குடியோ பிள்ளையார்பட்டியோ, எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் என்பதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்க முடியாது, அது சரி. ஆனால் சம்பளமும் வீட்டு எண்ணும் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

இதற்கு இரண்டு குறிப்புகள் தயாரித்துக்கொள்வது நல்ல வழி. முதல் குறிப்பில் பெயரின் முதலெழுத்து, வயது, நட்சத்திரம், கோயில், படிப்பு, வேலையின் வகை, இருக்கும் நகரம், பெரியவர் ஒருவரின் எண் ஆகியவை மட்டும் இருக்கட்டும். இது முகப்புக் குறிப்பு. இரு பக்கமும் விருப்பம் தெரிவித்து, அறிந்தவர் ஒருவர் இடையில் நின்று உறுதி சொன்ன பிறகு, முழுக் குறிப்பையும் படத்தையும் அந்த ஒரு வீட்டாருக்கு மட்டும் அனுப்பலாம். படத்தின் ஓரத்தில், அனுப்பப்படும் வீட்டின் பெயரைச் சிறிதாகப் பொறித்துவிட்டால், பின்னாளில் அது வேறெங்கும் தென்பட்டால் யாரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். திருமணம் கூடிவந்ததும் பழைய குறிப்பை எங்கெங்கு கொடுத்தோமோ அங்கெல்லாம் நீக்கச் சொல்ல வேண்டும். தகவல் மையங்களுக்கு எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஐந்தாண்டு ஆன பெண்ணின் படம் வரன் பட்டியலில் சுற்றிக்கொண்டிருப்பது அவளுக்கு எவ்வளவு வேதனை என்பதை அந்த வீட்டாரிடம் கேட்டால்தான் தெரியும்.

அழைப்பிதழிலும் கவனம் தேவை. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் தொடவே கூடாது. அது அழைப்பிதழ் அன்று, கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவப்பட்டால் ஓடிபி உட்பட குறுஞ்செய்திகள் அனைத்தையும் படித்துவிடும். நிஜமான அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும், “நீங்கள் அனுப்பினீர்களா, ஐயா?” என்று பேசிக் கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது, ஏனென்றால் அவருடைய கைப்பேசி ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

பங்காளிகளும் பூட்டிய வீடும்

ஒரு வீட்டில் இருபது முப்பது பேருக்குப் பங்கிருப்பது இங்கே புதிதன்று. பங்கு பிரிக்கவோ வாடகைக்கு விடவோ பேச்செடுத்தவுடன் குடும்பக் குழுவில் பத்திரம், பட்டா, எல்லாருடைய ஆதார், பான், கையொப்ப மாதிரி என்று எல்லாம் வந்து விழுகின்றன. அந்தக் குழுவில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகனும் இருப்பார், எண் மாறிப்போன ஒருவரின் பழைய எண்ணை இப்போது வைத்திருக்கும் அன்னியரும் இருப்பார். சொத்து ஆவணத்துக்கென்று ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்குத் தனித்தனியே அனுப்புவதும், கையொப்பமும் ரேகையும் உள்ள பக்கங்களைத் தவிர்ப்பதும், வேலை முடிந்ததும் அழிப்பதும் முறை. குழு உறுப்பினர் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை பெயர் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் தேக்கு வேலைப்பாடும் பெல்ஜியம் கண்ணாடியும் தெரியும்படி படமெடுத்து, இடத்தைக் குறியிட்டு, “இன்று மாலை விமானம்” என்று பொதுவெளியில் போடுவது, சாவியை வாசலில் தொங்கவிட்டுப் போவதற்குச் சமம். படங்களை ஊர் திரும்பிய பிறகு போடலாம். கைப்பேசிக் கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் அமைப்பை அணைத்து வைக்கலாம்.

வீட்டைக் காலி செய்யும்போது பெட்டகத்திலும் மேல்மாடி அறையிலும் கிடக்கும் காகிதங்களை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குப் பாத்திரத்தோடும் கண்ணாடியோடும் பேரேடுகளும் கடிதங்களும் போய்ச் சேர்வதுண்டு. தாத்தா காலத்துப் பேரேடு வரலாற்று ஆவணம். அதைக் காக்க வேண்டிய காரணம் வேறு. ஆனால் அதே மூட்டைக்குள் பத்தாண்டுக்கு முந்தைய பாஸ்புக், காசோலைப் புத்தகத்தின் மிச்சம், பங்குப் பத்திரம், காப்பீட்டு ரசீது ஆகியவை கலந்திருக்கும். ஒரு நாள் முழுதும் ஆனாலும் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்த பிறகே கொடுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போகும் வங்கி அறிக்கைகளையும் கூரியர் உறைகளையும் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் போதும்.

தனியாக இருக்கும் ஆச்சிகளுக்கு

பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக வாழும் முதியவர்களைக் குறிவைத்து வரும் அழைப்புகளைப் பற்றி எழுதும்போதே மனம் பதறுகிறது. சேமிப்பு முழுவதும் ஒரு பிற்பகலில் போய்விடுகிறது. பணத்தைவிட, “நான் ஏமாந்துவிட்டேனே” என்ற வெட்கத்தில் அவர்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதுதான் கொடுமை.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை. காவல் துறையோ சிபிஐயோ சுங்கத் துறையோ வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை. “டிஜிட்டல் கைது” என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. பணம் வருவதற்கு யுபிஐ பின் எண்ணை இட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று பொருள். ஓடிபியை வங்கி மேலாளரே கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது; சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து “வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்றால் வைத்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள கிளை எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். ஓய்வூதிய உயிர்ச்சான்று என்று சொல்லி விவரம் கேட்டாலும் இதே முறைதான்.

குடும்பத்துக்குள் ஒரு அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பேரன் குரலில் “அப்பத்தா, விபத்தாகிவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்” என்று அழைப்பு வந்தால், அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். குரலைக் கணினியால் போலியாக்க முடிகிற காலம் இது. வீட்டில் மட்டும் புழங்கிய ஒரு செல்லப் பெயரோ, பழைய சமையற்காரர் வைத்த ஒரு பலகாரத்தின் பெயரோ போதும். அதை வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் சொல்லி வையுங்கள்.

அவர்களுடைய கைப்பேசியை ஊருக்கு வரும்போது நீங்களே எடுத்து ஒருமுறை சரிசெய்து கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குவது, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் தெரியாத கணினி எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது, தேவையற்ற செயலிகளை நீக்குவது, மீதமுள்ளவற்றுக்குத் தொடர்பு எண்கள், படங்கள், மைக் ஆகியவற்றின் அனுமதியைத் திரும்பப் பெறுவது என்று அரைமணி நேர வேலை. உடனடிக் கடன் செயலிகள் இருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள். கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே நெறிப்படுத்தியிருக்கிறது. கேட்கிற செயலி நெறிக்குள் இல்லாதது.

கடை வைத்திருப்பவர்களுக்கு

வணிகம் செய்யக் கொண்டுவிக்கப் போன ஊர்களிலெல்லாம் நம் முன்னோர் வாங்கிய நல்ல பெயருக்கு, ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் பேசாத ஒழுக்கமும் ஒரு காரணம். கணக்கு எழுதும் பெட்டியடியில் விரித்த பேரேட்டை அடுத்தவர் வந்தால் மூடிவிடுவார்கள். இன்று நகைக்கடை, அடகுக்கடை, விடுதி, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை என்று எதை நடத்தினாலும் வாடிக்கையாளர் விவரம் உங்கள் கையில் குவிகிறது. தேவையில்லாததைக் கேட்காமல் விடுங்கள். கேட்டு வாங்கியதைப் பூட்டி வையுங்கள். சட்டம் வைத்திருக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடகு வைத்தவர்களின் நகல்களை மேசைமேல் அடுக்கி வைப்பதும், விருந்தினர் பதிவேட்டை வரவேற்பில் திறந்தே வைப்பதும், விளம்பரம் அனுப்ப எண்களை வேறு கடைக்குக் கொடுப்பதும் வேண்டாம். முன்னே சொன்ன ஜெராக்ஸ் கடைத் தம்பி, நான் கேட்டுக்கொண்ட பிறகு, ஒவ்வொரு இரவும் கடையடைக்கும் முன் கோப்புறையைக் காலி செய்யத் தொடங்கினார். “அழித்துத் தரப்படும்” என்று ஒரு அட்டையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்.

போய்விட்டது என்று தெரிந்தால்

கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்தவுடன், யார்மேல் தவறு என்று வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுத்து நிறுத்த அந்த எண்ணால் முடியும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு கிடைக்கும். உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையையும் யுபிஐயையும் முடக்கிவிட்டு, தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதிய வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை இரு மாவட்டங்களிலும் இணையவழிக் குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் உண்டு.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை மாதச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை; நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுத் தாமதிப்பதில் லாபமடைகிறவன் திருடன் ஒருவன்தான். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பணம் போகாமல் ஆவணம் மட்டும் கைமாறியிருந்தால், விளைவு மெதுவாகத் தெரியவரும். உங்கள் பான் எண்ணில் யாரேனும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அறிய, சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துக் கேட்டால், செலவில்லாமல் ஆண்டு முழுதும் கண்காணிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் 1930, 1947, 1915, வங்கிக் கிளையின் எண், பிள்ளைகளின் எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் எந்த நகலை எந்தத் தேதியில் யாரிடம் எதற்காகக் கொடுத்தோம் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொண்டே வாருங்கள். புகார் செய்ய நேர்ந்தால் அதன் பதிவு எண்ணையும் பேசியவர் சொன்னதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் மட்டும் அதில் எழுத வேண்டாம். நோட்டை முகப்பில் வைக்காமல் வளவில், நாட்காட்டிக்குப் பின்னால் உள்ள ஆணியில் தொங்கவிடுங்கள்.